பண்டிகைத் தருமமும் நமது சிறுகதையும்

கந்தளாயிற் கண்டெடுக்கப்பட்ட கல்லாசனம் ஒன்றைப்பற்றிச் சாசனவியல் பயின்றோர் அறிவர். 1187 முதல் 1196 வரை பொலன்னறுவையிலிருந்து அரசாண்ட நிசங்கமல்லனுடையது அது. அதிற் பொறிக்கப்பட்ட சிங்களச் சாசனம் அவ்வூரைச் சதுர்வேதப் பிரமபுரம் என்று அழைக்கின்றது. பார்வதி சத்திரம் என்னும் அறச்சாலையைப்பற்றிப் பேசுகின்றது. அரசன் வீற்றிருந்த ஆசனம் இது என்பதையும் மறவாது குறித்துவைக்கின்றது. தன் கொடைகளைத் தானே கல்லில் எழுதுவித்துக்கொள்வதிற் சலிப்பறியாதவன் நிசங்கமல்லன். தன் நிறைக்கு நிறையான பொருளைத் தராசிலிட்டு இரவலர்க்கு வழங்கியதும், குடிகளுக்கு ஐந்தாண்டு இறை தவிர்த்ததும் அவன் சாசனங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஆனால் அந்தச் சத்திரத்தில் உண்டவர் யார், எங்கிருந்து வந்தனர், உண்டபின் எங்கே போயினர் என்ற செய்திகளுக்கு அக்கல்லில் இடமில்லை. உட்கார்ந்திருந்தவனை அறிவோம், கையேந்தி நின்றவர்களை அறியோம்.

அதே கந்தளாயைச் சார்ந்த பளமோட்டையில் ஒரு தமிழ்ச் சாசனம் கிடைத்துள்ளது. முதலாம் விஜயபாகுவின் காலத்தது. நங்கைசானி என்னும் பிராமணக் கைம்பெண் தன் கணவனின் நன்மைக்காகச் சிவன் கோயிலுக்குப் பொருள் வைத்ததை அது கூறும். பின்னெழுந்த கோணேசர் கல்வெட்டோ, குளக்கோட்டன் கந்தளாய்க் குளத்தைக் கட்டி, கோணேசர் கோயிலுக்கு வயலும் ஊழியரும் வகுத்த வரலாற்றைச் சொல்லும். மகாவம்ச மரபு குளத்தின் பெருமையை அநுராதபுரத்து மன்னர்க்கு உரிமையாக்கும். எந்த மரபை எடுத்தாலும் அணைக்கு மண் சுமந்தவனின் பெயர் அகப்படுவதில்லை. (இரு மரபுகளும் ஒன்றுபடும் இடம் இதுதான் என்று நான் வகுப்பிற் சொல்வதுண்டு, மாணாக்கர் சிரிப்பர்.)

இலக்கிய விமர்சனத்தில் இந்தப் பழங்கற்களுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். வேலை உண்டு. பண்டிகைக் காலத்தில் வறியவர்க்கு உதவுவதைப்பற்றி நம்மவர் எழுதிய கதைகளிற் பெரும்பாலானவை அந்தக் கல்லாசனத்திலிருந்தே எழுதப்பட்டவை. தீபாவளி மலர்களையும் பொங்கல் மலர்களையும் புரட்டியவர்க்கு அந்த வாய்பாடு மனப்பாடமாக இருக்கும். செல்வர் ஒருவர் முன்கோபி; வாசலில் ஓர் ஏழைச் சிறுவன்; இறந்துபோன தம் மகனின் நினைவு அவருக்கு வருகின்றது; கண்ணில் நீர்; புதுச்சட்டை; வாணவெடி; முற்றும். சட்டை பெற்ற சிறுவன் கதையில் ஒரு வாக்கியம் பேசியிருப்பானாயின் அதிகம். அவன் செல்வரின் மனம் இளகுவதற்காகவே படைக்கப்பட்டவன். அது இளகியதும் அவனுக்குக் கதையில் அலுவல் இல்லை. இவ்வகைக் கதைகளை மனிதாபிமானக் கதைகள் என்று பாராட்டும் வழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கின்றது. மனிதர் இருவர் இருக்கவேண்டிய இடத்தில் ஒருவரே இருக்கும் கதையில் மனிதாபிமானம் பாதியளவுதான் இருக்க முடியும்.

இந்த வாய்பாட்டை உடைத்த தமிழ்க் கதை கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’. 1923இல் கோவிற்பட்டியை அடுத்த இடைசெவலிற் பிறந்து, சென்னையிலும் மலாயாவிலும் பத்திரிகைத் தொழில் செய்து, 1970இல் மறைந்த அழகிரிசாமி தம்மை எந்தக் கொள்கைக்கும் பிரசாரகராக அறிவித்துக்கொண்டவர் அல்லர். கொள்கை முழக்கம் செய்த பலர் எழுதத் தவறியதை அவர் எழுதினார் என்பதை முற்போக்கு முகாமில் உள்ள நாம் நாணத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டும்.

கதையைப் பலர் படித்திருப்பர். ஆயினும் அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்குவோம். பிள்ளைகளின் போட்டியொன்றில் அது தொடங்குகின்றது. என்னிடம் இது இருக்கிறது, உன்னிடம் இருக்கிறதா என்று ஒருவரையொருவர் மடக்கும் விளையாட்டு. ஒருபுறம் செல்வர் வீட்டு ராமசாமி. மறுபுறம் மங்கம்மாளும் அவள் அண்ணன்மாரும். உடைமையின் கணக்கைப் பிள்ளைகள் எத்துணை விரைவிற் கற்றுக்கொள்கின்றனர் என்பதை ஆசிரியர் உபதேசமின்றிக் காட்டிவிடுகின்றார். ராமசாமி வீட்டுக்கு அவன் அக்காள் கணவரான ஜமீன் ராஜா தீபாவளிக்கு வரவிருக்கின்றார். அதற்கு எதிராக வைக்க மங்கம்மாள் வீட்டில் ஒன்றுமில்லை.

அவ்வேளையில் எச்சில் இலையைத் தேடி வந்த அனாதைச் சிறுவன் ஒருவன் அவர்கள் குடிசை வாசலில் நிற்கின்றான். அழுக்கும் சிரங்குமாய் இருக்கும் அவன் பெயரும் ராஜா. தாய் தாயம்மாள் அவனுக்குச் சோறிடுகின்றாள். தீபாவளி விடியலில் தன் மக்களோடு அவனுக்கும் எண்ணெய் தேய்த்து நீராட்டுகின்றாள். பிறகுதான் சிக்கல். பிள்ளைகளுக்குப் புதுத்துணி இருக்கின்றது, இவனுக்கு? வீட்டில் மிஞ்சியிருப்பது தகப்பனுக்கென்று வாங்கிய துண்டு ஒன்று. தாய் தடுமாறுகின்றாள். அதை இவனுக்குக் கொடுத்துவிடலாம் என்ற தீர்ப்பு பிள்ளையிடமிருந்து வருகின்றது.

இங்கே கவனிக்கவேண்டியது தாயம்மாளின் தடுமாற்றம். வாய்பாட்டுக் கதையின் செல்வர் தடுமாறுவதில்லை. அவர் கொடுப்பது அவருக்குக் குறைவதில்லை. தாயம்மாள் கொடுப்பது அந்தக் குடும்பத்தின் ஒரே உபரி. உபரி என்றுகூடச் சொல்லலாகாது. அது ஒருவனுடைய உரிமை. அதை எடுத்துக் கொடுக்கும்போது அவள் மனம் கணக்குப் போடுகின்றது. அந்தக் கணக்கை மறைக்காத நேர்மையே இக்கதையின் யதார்த்தம். ஏழை என்றால் இயல்பாகவே தியாகி என்று எழுதிவிடுவது நமது தோழர்கள் சிலர் செய்யும் பிழை. அதுவும் ஒருவகைக் கல்லாசனம்தான், சற்று மாற்றி வைக்கப்பட்டது.

முடிவில் மங்கம்மாள் ராமசாமியிடம் சென்று, தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாக அறிவிக்கின்றாள். இதனை வெறும் சொற்சிலேடை என்று கருதுவோர் கதையின் தொடக்கத்தை மறந்தவர்கள். உடைமைப் போட்டியில் முதன்முறையாக மங்கம்மாள் ஒன்றை எதிர்வைக்கின்றாள். அவள் வைப்பது பொருளன்று, வீட்டுக்கு வந்த ஒரு மனிதன். ஜமீனுக்குரிய பட்டத்தை எச்சிலிலைச் சிறுவன் தலையில் அவள் சூட்டுகின்றாள். அவளுக்குக் கருணை செய்த பெருமிதம் இல்லை, விருந்தினன் வந்த பெருமிதம் இருக்கின்றது. கொடுத்தவள் உயரவில்லை, பெற்றவன் தாழவில்லை. பண்டிகை உதவியைப்பற்றித் தமிழில் இதற்கு நிகரான கதை எனக்குத் தெரிந்து பிறிதொன்றில்லை.

அதே ஆசிரியரின் ‘அன்பளிப்பு’ இப்பொருளின் மறுபக்கம். இக்கதையின் பெயர் தாங்கிய தொகுதிக்குத்தான் அவர் மறைந்தபின் 1970க்கான சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது. புத்தாண்டையொட்டி அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கு நாட்குறிப்பு வழங்கும் நல்லவர் ஒருவர், சாரங்கன் என்னும் பையனை விட்டுவிடுகின்றார். தீய எண்ணம் ஏதுமில்லை; அவன் அவர் கண்ணிற் படவில்லை, அவ்வளவே. பின்னர் அவன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று உபசரித்து, தானே வாங்கிவைத்த நாட்குறிப்பை நீட்டி, அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரும்படி கேட்கின்றான். பொருள் அவனிடமே இருக்கின்றது. அவன் கேட்டது அதன்மேல் எழுதப்படவேண்டிய தன் பெயரை. பொருளைக் கணக்கிட்டு மனிதனை எண்ண மறக்கும் நிவாரணக்காரர் அனைவரும் படிக்கவேண்டிய கதை இது.

தமிழுக்கு வெளியே நோக்கினால் பிரேம்சந்தின் ‘ஈத்கா’ நினைவுக்கு வரும. ஹமீது என்னும் சிறுவன் சந்தையில் பொம்மையும் மிட்டாயும் வாங்காது, ரொட்டி சுடுகையில் விரல் சுட்டுக்கொள்ளும் பாட்டிக்கு ஓர் இடுக்கி வாங்கிவந்த செய்தியை அனைவரும் அறிவர். பாடசாலைப் புத்தகங்கள் இக்கதையைச் சிறுவனின் நல்லொழுக்கப் பாடமாகச் சுருக்கிவிட்டன. அதில் ஒரு கணக்கு உள்ளதைப் பலர் கவனிப்பதில்லை. பாட்டி அமீனாவிடம் மிஞ்சியிருப்பது இரண்டணா. அதில் மூன்று காசு பேரனின் பையில், ஐந்து காசு அவள் சுருக்குப்பையில். அந்த ஐந்து காசில் அவள் பண்டிகை நடத்தவேண்டும். அதுமட்டுமா? வண்ணாத்தி வருவாள், நாவிதச்சி வருவாள், துப்புரவு செய்பவள் வருவாள்; ஆண்டுக்கொரு நாள் வரும் அவர்கட்குச் சேமியா கொடாது எப்படி முகங்காட்டுவது என்று அவள் கவலைப்படுகின்றாள். தனக்கே இல்லாதவளின் முதற்கவலை, பிறர்க்குக் கொடுக்க முடியாதே என்பது! பண்டிகை நாளில் வறுமை செய்யும் மிகப் பெரிய கொடுமை இதுவே: கொடுக்கும் உரிமையை அது பறித்துவிடுகின்றது.

இதனை நம் முஸ்லிம் அயலவரின் மரபு நன்கு உணர்ந்திருக்கின்றது. கந்தளாய்ப் பேராற்றில் நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவில் வீடுவீடாக அரிசி அளக்கப்படுவதைக் காணலாம். சகாத்துல் பித்ர் எனப்படும் இக்கொடை பெருநாள் தொழுகைக்கு முன்னரே உரியவர் கையிற் சேரவேண்டும் என்பது விதி. பிந்தினால் அது வேறு தருமமாகிவிடும். ஏன் முன்னரே? பெறுபவரும் அன்று அடுப்பு மூட்டவேண்டும் என்பதற்காக. நம் நாட்டில் வழங்கும் ஷாபி மத்ஹபின்படி, பெருநாளின் பகலிரவுக்குத் தேவையானது போக மிஞ்சியுள்ள ஒவ்வொருவரும் இதைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். ஆகவே பெற்றவரே கொடுப்பவராகவும் நேரும். அமீனாவின் கவலையை அறிந்த ஏற்பாடு இது.

வெசாக் நாளின் தன்சல்களையும் இங்கே சொல்லவேண்டும். வழிப்போக்கர் யாவராயினும் வரிசையில் நின்று உண்ணலாம். ஏழையா என்று எவரும் கேட்பதில்லை. கார் வைத்திருப்பவரும் அதே வரிசையில் நிற்பதால் வரிசைக்கு இழிவில்லை. இம்மரபுகளைச் சமய நோக்கிற் புகழ்வது என் கருத்தன்று. பெறுவோனின் முகத்தைக் காப்பதற்கு மக்கள் தாமே வழிகள் கண்டிருக்கின்றனர் என்பதையும், நம் எழுத்தாளர் பலர் அவற்றைக் கண்ணெடுத்தும் பாராது ஆங்கிலேயரின் நத்தார்க் கதைகளைத் தீபாவளிக்கு உருமாற்றித் தந்தனர் என்பதையுமே சொல்ல வருகின்றேன்.

அந்த நத்தார்க் கதைகளின் தாய் 1843இல் டிக்கன்ஸ் எழுதிய ‘எ கிறிஸ்மஸ் கேரல்’. நம்மவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது உலோபியின் மனமாற்றத்தை மட்டுமே. ஏழைகளுக்குச் சிறைச்சாலைகளும் வேலைச்சாலைகளும் இல்லையா என்று ஸ்குரூஜ் கேட்கும்போது, 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தை ஆதரித்தோரின் குரலையே டிக்கன்ஸ் அவன் வாயில் வைத்தார். கதை முடிவில் அவன் எழுதுவினைஞன் கிராச்சிட்டுக்கு வான்கோழி அனுப்புகின்றான். அதன்பின் அவன் சம்பளத்தை உயர்த்துகின்றான். வாரம் பதினைந்து சிலிங்கு வாங்கியவனுக்கு ஆண்டு முழுதும் பயன்பட்டது எது? வாசகர் வான்கோழியை நினைவிற்கொண்டனர், சம்பளத்தை மறந்தனர். டிக்கன்ஸ் மேலும் என் குறை ஒன்றுண்டு. முதலாளி திருந்துவதற்கு மூன்று ஆவிகள் வரவேண்டியிருந்தது. கிராச்சிட் கேட்டுப் பெற்றதாக அவர் ஒரு வரியும் எழுதவில்லை.

கேட்டுப் பெற்ற வரலாறு நம்மிடம் உண்டு. 1953இல் அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடு ஹர்த்தாலில் எழுந்தது. அவ்வாண்டிலேயே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பங்கீட்டு அரிசி பண்டிகைக் கொடையன்று. வாராவாரம் வரும் உரிமை என்று மக்கள் எண்ணியதன் வெளிப்பாடு அது. இந்தியாவில் 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டத்தின் பின்னணியும் இத்தகையதே. தீபாவளிக்கு முதலாளி மனமிரங்கித் தரும் இனாமாக இருந்தது, போராட்டங்களாலும் தீர்ப்புகளாலும் ஊதியத்தின் ஒரு பகுதியாகியது. இன்று குறைந்தது 8.33 விழுக்காடு என்பது சட்டம். நமது மலையகத்திலோ தோட்டத் தொழிலாளிக்குக் கிடைப்பது தீபாவளி முற்பணம். பெயரே சொல்கின்றது: அது கடன். பண்டிகை முடிந்தபின் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டப்படும். அந்த முற்பணத்துக்காக ஆண்டுதோறும் எழும் வாக்குவாதத்தை வைத்து ஒரு நாவலே எழுதலாம். தீபாவளி மலர்களில் அதற்கு இடம் கிடைக்குமோ அறியேன்.

கந்தளாய்க்குத் திரும்புவோம். 1986 ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலை குளத்தின் அணை உடைந்தது. சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளும் விளைவயல்களும் அழிந்தன. 2006 ஆகஸ்டில் மூதூரில் போர் மூண்டபோது பல்லாயிரக்கணக்கான மக்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள், கந்தளாய்க்கு ஓடிவந்தனர். பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் மரநிழல்களும் அவர்கட்கு இருப்பிடமாயின. மாதக் கடைசியில் நோன்பு தொடங்கவிருந்த செப்டெம்பரில் பலர் ஊர் மீண்டனர். இவ்விரு வேளைகளிலும் நாட்காட்டியில் பண்டிகை இல்லை. வெள்ளத்துக்கும் ஷெல்லுக்கும் பண்டிகைக் காலம் தெரியாது, பட்டினிக்கும் தெரியாது. 1990களின் தொடக்கத்தில் கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை மூடப்பட்டதும் எந்தப் பண்டிகையையும் பார்த்து நடந்ததன்று. ஆனால் அதன்பின் வந்த ஒவ்வொரு பண்டிகையும் வேலையிழந்தோர் குடும்பங்களில் அதை நினைவூட்டியது.

மூதூரிலேயே பிறந்து, ‘தோணி’ தொகுதிக்காகச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற வ. அ. இராசரத்தினம் இம்மாவட்டத்து உழைப்பாளரைக் கதையில் நிறுத்திக் காட்டியவர். அவருக்குப் பின் இந்த இடப்பெயர்வுகளை, தமிழர் சிங்களவர் முஸ்லிம்கள் ஒரு கிணற்றில் நீரள்ளிய அந்த நாட்களை, பெறுவோர் நோக்கிலிருந்து எழுதும் கடன் இன்னும் பெரிதும் தீர்க்கப்படாமலே இருக்கின்றது. கவிதைகள் சில வந்தன. அவற்றிற் கண்ணீர் அதிகம், விவரம் குறைவு. யார் அரிசி தந்தார், எத்தனை நாள் தந்தார், எந்த நாளில் கைசலித்தது, பெற்றவர் அதை எப்படிக் கண்டுகொண்டார் என்ற விவரங்களில்தான் கதை இருக்கின்றது.

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. இரண்டு நாளிற் புத்தாண்டு. அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 விழுக்காட்டைத் தாண்டியது; அறுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் உணவுப் பாதுகாப்பற்றோர் என்று ஐக்கிய நாடுகள் சபையின் உணவு நிறுவனங்கள் கணித்தன. அக்காலத்தில் உலர் உணவுப் பொதி வழங்காத சங்கம் இல்லை. வழங்கியவர்களை நான் இகழேன். பசித்தவனுக்குத் தத்துவம் சோறாகாது. அந்தப் பொதிகளாற் பல அடுப்புகள் எரிந்தன. ஆனால் பொதியோடு புகைப்படக் கருவியும் வந்தது. பெறுபவர் ஒரு முனையையும் கொடுப்பவர் மறுமுனையையும் பிடித்தபடி கருவியைப் பார்த்து நிற்கும் அந்தப் படம் நம் காலத்தின் கல்லாசனச் சாசனம். ஒரு வேறுபாடு, நிசங்கமல்லன் கையேந்தியவரின் முகத்தையாவது கல்லில் வெட்டாது விட்டான்.

நான் பணிபுரிந்த பாடசாலை ஒன்றில் பண்டிகைக்கு முந்திய வாரம் காலைக்கூட்டத்தில் வறிய மாணவர் பட்டியல் உரத்து வாசிக்கப்பட்டது. பெயர் சொன்னதும் பிள்ளை முன்னே வந்து பொதியை வாங்கவேண்டும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வரவில்லை. இருமுறை அழைத்தபின் அவளுடைய தோழி எழுந்து, அவள் இன்று வரவில்லை என்றாள். அவள் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் அனைவரும் கண்டோம். பட்டியலைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். மறுநாள் மாலை பொதியை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். தாய் வாங்கிக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் சேர் என்றார். பொதியிலிருந்த சீனியைப் பிரித்துத்தான் அந்தத் தேநீர் போட்டார் என்பதை ஓசையாலேயே அறிந்தேன். குடித்தேன்.

அதன்பின் ஒன்பதாம் வகுப்பில் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையை வாசித்துக் காட்டினேன். கதையின் ஒரு குறையை நான் முன்பே குறித்துவைத்திருந்தேன்: தீபாவளிக் காலையோடு ஆசிரியர் நிறுத்திக்கொள்கின்றார், தகப்பன் திரும்பிவந்து துண்டைக் கேட்கும் நேரத்தை எழுதவில்லை, அடுத்தநாள் ஐந்தாவது வயிற்றுக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவில்லை. சிறுகதையின் கட்டுக்கோப்பு அதற்கு இடந்தராது என்பதே வழமையான விடை. அந்த விடையைத்தான் மாணாக்கருக்குச் சொல்ல ஆயத்தமாயிருந்தேன். ஆனால் அவர்கள் துண்டைப்பற்றியோ சோற்றைப்பற்றியோ கேட்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டது இது: பள்ளிக்கூடம் திறந்தபின் ராஜாவும் மங்கம்மாளோடு போனானா, சேர்?